அஞ்சு நாப்பது வண்டி

டீயக் குடிங்க சார், ஆறிப்போவுது. ஃப்ளாஸ்க்குல இன்னும் இருக்குதுங்க, டிரைவருக்கும் சேத்துத்தான் கொண்டாந்தேன். அவளுக்கு வேண்டாமுங்க. அதா, வண்டிக்குள்ள மொத சீட்டுல உக்காந்திருக்கறாளே, அவதான் என்ற ஊட்டுக்காரி, பாவாத்தா. அவளுக்குக் கிட்னி ரெண்டும் போயிருச்சுங்க. ஒரு நாளைக்கு முக்கால் லிட்டருக்கு மேல தண்ணி கூடாதுன்னு டாக்டரம்மா சொல்லீருக்குது. ஊருக்கே தண்ணி உடறவன் நானு, கட்டுனவளுக்கு டம்ளர்ல அளந்து ஊத்தறேன். என்ன கெரகமோ போங்க.

என்ற பேரு வஞ்சிமுத்துங்க. இந்தப் பஞ்சாயத்துல டேங்க் ஆப்பரேட்டர். மோட்டாரு போட்டு டேங்க்க ரொப்பறது, வால்வு தொறந்து மூணு தெருவுக்கும் தண்ணி உடறது, அவ்வளவுதான் வேலை. இருபத்திரண்டு வருசமாச்சு. நானும் உங்களாட்ட கவர்மெண்டு ஆளுதானுங்க. என்ன, நீங்க காக்கி, நான் லுங்கி. சிரிக்கறீங்க. நேத்து நீங்க வண்டியோட வந்து எறங்குனப்பவே பேசோணும்னு பாத்தேன், அசந்து படுத்துட்டீங்க. ரூம்பு பரவாயில்லீங்களா? வெள்ளையடிச்சது நானு. பாயி, பக்கெட்டு, கொசுவத்தி எல்லாம் நான் வாங்கி வெச்சதுதான். மணி என்னாச்சுங்க? அஞ்சு பத்தா. செரி, நான் அஞ்சரைக்குத்தான் வால்வு தொறக்கோணும். அது வரைக்கும் சொல்றேன், கேளுங்க.

நோட்டுல எத்தன பேரு எழுதீருக்கறீங்க? அஞ்சா? என்னையும் அவளையும் சேத்தா? சேத்தாமயா? சேத்தித்தானா. இன்னும் வருவாங்க சார். வருவாங்க.

எனக்குத் தெரியுமுங்க, உங்க டிப்போ மேனேஜரு எங்கிட்ட வெளிப்படையாவே சொல்லீட்டாரு. பத்து நாளைக்கு ஓட்டிப் பாப்போம், உங்க ஊர்ல இருந்து நாளுக்கு இருவது பேராச்சும் ஏறோணும், ஏறலீன்னா நிறுத்தீருவோம்னாரு. இன்னைக்குப் பத்தாம் நாளு. ஒம்பது நாளும் பத்தைத் தாண்டலை. அதுக்குத்தானே உங்களையே அனுப்பி வெச்சிருக்கறாங்க, கண்ணால பாத்து எண்ணிட்டு வான்னு. இன்னைக்கு ஒருநாளு இருவது பேரு ஏறீட்டா, நீங்க ஒரு வார்த்த நல்லா எழுதுனா, மறுக்காப் பத்து நாள் குடுப்பாங்கன்னு இந்த வண்டிக் கண்டக்டர் தம்பி சொல்லுச்சு. நெசந்தானுங்களே? தலையத் தலைய ஆட்டறீங்க, வாயத் தொறந்து சொல்லுங்க சார்.

எனக்கு வேற வழி இல்லீங்க. திங்கள், புதன், வெள்ளி, மூணு நாளும் ஏழு மணிக்கு அவ டவுனு பெரியாஸ்பத்திரில மிஷினுல இருக்கோணும். நாலு மணி நேரம் ரத்தத்த எடுத்துச் சுத்தம் பண்ணி உள்ள உடறாங்க. பைசா கெடையாது. ஏழேகாலுக்கு மேல போனா அந்த எடத்துல வேற ஆளப் படுக்க வெச்சிருவாங்க. அவங்களயும் குத்தம் சொல்ல முடியாதுங்க, வெளிய வராண்டால முப்பது பேரு காத்துக் கெடக்கறாங்க. மத்தியானத்துக்கு மாத்திக் குடுங்கன்னு கேட்டேன், ஒருத்தர் செத்தாத்தான் எடம் காலியாகும் அண்ணான்னு நர்சம்மா சொல்லுச்சு. சிரிச்சிட்டேதான் சொல்லுச்சு, ஆனா நெசத்தத்தான் சொல்லுச்சு.

பிரைவேட்டுல ஒருக்காப் போனோமுங்க. ஏசி ரூம்பு, வெள்ளைத் துணி, வாங்கம்மா உக்காருங்கம்மான்னு ஒரே மரியாதை. எப்ப வேண்ணாலும் வரலாம். வெளிய வரையில ஒரு பில்லு நீட்டுனாங்க பாருங்க, அதப் பாத்துட்டு இவ இனி இங்க வேண்டாங்கன்னுட்டா. அத்தோட செரி.

இந்த வண்டி நிக்காம வந்துட்டு இருந்ததுதானுங்க முந்தி. ராத்திரி ஒம்பதரைக்கு வந்து இதே எடத்துல நிக்கும், டிரைவரும் கண்டக்டரும் அந்தச் சமுதாயக்கூடத்து ரூம்புல படுப்பாங்க, காத்தால அஞ்சு நாப்பதுக்கு எடுத்தா ஆறு அம்பதுக்கு டவுனு. கண்டக்டரு பேரு அருளப்பன். தெக்கத்திக்காரரு, ஒல்லியா இருப்பாரு, காது ஓரத்துல பேனா. ஆறு வருசம் இங்கியே தங்குனாரு. ரூம்பு சாவி எங்கிட்டத்தான். வால்வுச் சாவியும் ரூம்புச் சாவியும் ஒரே கயித்துலதான், பாருங்க, இடுப்பை உட்டு எறக்க மாட்டேன். யாருகிட்டயும் குடுக்கவும் மாட்டேன்.

அருளப்பனுக்கு டைமுன்னா டைமுதானுங்க. ஒரு நிமிசம் நிக்க மாட்டாரு. அவுரு போடற விசிலுக்குப் பயந்துட்டு நான் அஞ்சு மணிக்கே வால்வு தொறந்துருவேன் அப்ப. பொம்பளைக தண்ணியப் புடிச்சு வெச்சுட்டு ஓடியாரோணுமில்ல. டேங்க்கடி போர்டுலயும் தண்ணி டைமு அஞ்சு மணின்னுதான் எழுதீருக்குது. குளுருல, மார்கழில, நாலே முக்காலுக்கு எந்திரிச்சு போறது எவ்வளவு செரமம்னு அந்தாளுக்குத் தெரியுமா?

அப்பறம் செவ்வந்தி வந்துச்சு. பிரைவேட்டு வண்டி. புதுசு, சீட்டெல்லாம் பஞ்சு மெத்தை, பாட்டு, உள்ள சாமி படத்துக்கு சீரியல் லைட்டு. கண்டக்டரு சுதாகர்னு ஒரு தம்பி. அவன் என்ன பண்ணுவான்னா, ஒவ்வொரு தெரு மொனையிலயும் ஆரன் அடிச்சு நிப்பாட்டுவான். "அக்கா, கொடத்த எறக்கி வெச்சுட்டு மெதுவா வாங்க, நாங்க எங்க போறோம்"பான். முருங்கைக்காய்க் கட்ட அவனே தூக்கி மேல போடுவான். மாத்தர சீட்டக் குடுத்தா டவுனுல வாங்கிட்டு வந்து ஊட்டுல குடுப்பான். ஆறு மணிக்குக் கெளம்பறதோ, ஆறு பத்துக்குக் கெளம்பறதோ, அவனுக்கு ஒண்ணும் இல்ல, வெரட்டி ஓட்டி ஏழுக்கு டவுனு சேத்தீருவாங்க. நானும் வால்வு அஞ்சரைக்குத் தொறந்தாப் போதும்னு ஆயிருச்சு. ஊர்ல ஒருத்தரும் ஒண்ணும் சொல்லல. அரை மணி நேரத் தூக்கம், அந்தச் செவ்வந்தி புண்ணியம்.

அந்தச் சமயத்துலதான் ஒரு நாளு எனக்கும் அருளப்பனுக்கும் முட்டிக்கிச்சு. நான் முருங்கைக்காய்க் கட்டோட வர்றேன். அதா, அந்த வேப்பமரம் இருக்குதே, அத்தனை தூரந்தான். வர்றேன் வர்றேன்னு கைய ஆட்டறேன். அந்தாளு என்னையப் பாக்கறாரு. பாத்துட்டே விசில் அடிக்கறாரு சார்! வண்டி போயிருச்சு. ஆறு வருசம் ரூம்பு தொறந்து உட்டவன் நானு. குளிக்கத் தண்ணி குடுத்தவன் நானு. டெய்லி "வஞ்சிமுத்தண்ணே, தண்ணி வந்துருச்சா"ன்னு கேட்டுட்டுத்தான் துண்ட எடுப்பாரு. ஒரு நிமிசம் நின்னா என்ன கொறஞ்சு போவும் கவர்மெண்டுக்கு?

அன்னிக்கு ராத்திரி வந்து சாவி கேட்டாரு. சாவி தொலைஞ்சு போச்சுன்னு சொல்லீட்டேன்.

இடுப்புலதான் இருந்துச்சுங்க. பனியனுக்குள்ள. கயிறு வெளிய தெரிஞ்சுதோ என்னமோ. "செரிண்ணே, கெடைச்சாச் சொல்லுங்க"ன்னு போயி வண்டிக்குள்ளயே படுத்துட்டாரு. ஐப்பசி மாசம், நல்ல மழ. வண்டி ஓட்டையில ஒழுகுது. கூடத்துக் கொழாயவும் பூட்டீட்டேன். பதினெட்டு நாளு அப்பிடியே. அவுருக்குக் காச்சல் வந்து ரெண்டு நாளு வேற கண்டக்டரு வந்தாரு. ஊர்ல எல்லாருக்கும் தெரியும். ஒருத்தரும் என்னையக் கேக்கல சார், அதச் சொல்லோணும். செவ்வந்தி இருக்கறப்ப இது எதுக்குன்னு அவங்களுக்கும் நெனப்பு. பத்தொம்பதாம் நாளு வண்டி வரல. தங்கறதுக்கு வசதி இல்லீன்னு எழுதிக் குடுத்திருக்கறாரு, நைட்டு வண்டிய ரத்துப் பண்ணிட்டாங்க. காத்தால மொத வண்டி எட்டரைக்குத்தான்னு ஆயிருச்சு. அந்த லெட்டர பின்னால மேனேஜரு எனக்கே எடுத்துக் காட்டுனாரு. அதுல என்ற பேரே இல்லீங்க. பேரு தெரியாது போல, பாவம்.

அப்பறம் ஒரு வருசம் நல்லாத்தானுங்க போச்சு. இவளுக்குச் சீக்கு வந்தது அதுக்கப்பறந்தான். சுதாகரு மொத சீட்டுல துண்டு போட்டு வெச்சிருப்பான், அக்கா வருதுன்னு. கையப் புடிச்சு ஏத்துவான். பெத்த மகன் கூட அப்பிடிப் பண்ண மாட்டான், நெசமா. நான் ஊரெல்லாம் சொன்னேன், பாத்தீங்களா, இதான் பிரைவேட்டு, மனுசன மனுசனா மதிக்கறான்னு.

போன ஆடில ஒரு நாளு செவ்வந்தி வரலீங்க. புதங்கிழமை. ஆரனுக்குக் காது குடுத்துட்டு இதே எடத்துல நின்னோம். ஆறு, ஆறேகாலு, ஆறரை. சுதாகருக்கு ஃபோனப் போட்டா எடுக்க மாட்டீங்கறான். வருவான் வருவான்னு நான் சொல்லீட்டே இருக்கறேன். இவ அந்தக் கல்லுல உக்காந்தவ எந்திரிக்கல. எட்டரை வண்டியப் புடிச்சுப் போனா, எடம் போயிருச்சு. வெள்ளிக்கெழமையும் வரல. அன்னிக்குப் பொழுது சாய இவளுக்கு மொகம் வீங்கி, காலு வீங்கி, படுத்தா மூச்சு வாங்குது, உக்காந்தாலும் வாங்குது. பால்கார மாரப்பன் வேனுல கேனுகளுக்கு நடுவுல உக்கார வெச்சுக் கொண்டு போனேன். என்ற சட்டையப் புடிச்சுட்டு, "என்னங்க, தண்ணிக்குள்ள முழுகறாப்பல இருக்குது"ன்னா. முக்கால் லிட்டர் தண்ணிக்காரி, தண்ணில முழுகறேங்கறா. எனக்கு அழுகாச்சி வந்துருச்சு சார், மாரப்பன் முன்னாலயே.

செவ்வந்தி மொதலாளி ஊட்டுக்குப் போனேன். நல்ல மனுசன். உக்கார வெச்சுக் காப்பி குடுத்தாரு. இவளப் பத்தி எல்லாம் கேட்டாரு. எல்லாங் கேட்டுட்டு, "காத்தால ட்ரிப்பு எனக்குக் கட்டலைங்க, நிறுத்தீட்டேன். நான் யாவாரம் பண்றவன். சர்வீஸு வேணும்னா கவர்மெண்டுல போயிக் கேளுங்க"ன்னாரு. கோவமே இல்ல. வாசல் வரைக்கும் வந்து தாட்டி உட்டாரு.

உங்க டிப்போவுக்கு வந்தேன். மூணு நாளு பெஞ்சுல உக்கார வெச்சாங்க. வாட்ச்மேன் என்னைய 'யோவ்'ங்கறான். நாலாம் நாளு மேனேஜரு கூப்புட்டு, "நீங்கதானேய்யா வேண்டாம்னீங்க"ன்னு ஃபைல எடுத்துப் போட்டாரு. நான் அவுரு கால்ல உழுகலீங்க, உழுந்தாப்பலதான். ரூம்பு தொறந்து தர்றேன், வெள்ளையடிக்கறேன், சுடுதண்ணி வெச்சுத் தர்றேன், எங்க ஊரு ஜனம் முச்சூடும் ஏறும்னு சொன்னேன். பத்து நாளுன்னாரு. அது வரைக்கும் மாரப்பன் வேனு, கடன வாங்கி வாடகைக் காருன்னு ஓட்டுனேன், இனி முடியாதுங்க.

ஏறலியே சார்! ஊரு ஊரா இது? செவ்வந்திக்கு அப்பிடி ஓடியாந்தவங்க, இதுக்கு வர மாட்டீங்கறாங்க. இந்த வண்டில பொம்பளைகளுக்கு டிக்கெட்டே கெடையாது, சும்மா கூட்டிட்டுப் போறேங்கறாங்க, அதுக்கும் வர மாட்டாங்களாம். ஊடு ஊடாப் போயிச் சொன்னேன். வர்றேன் வர்றேங்கறாங்க. காத்தால பாத்தா அங்க நிக்கறாங்க, பாருங்க, கொழாயடில, லைட்டுக்குக் கீழ. கொடத்த வரிசை வெச்சுட்டுப் பேச்சு. அதுல பாதிப்பேரு மில்லு வேலைக்குப் போறவங்க, முருங்கை மண்டிக்குப் போறவங்க. எட்டரை வண்டில போயி லேட்டுன்னு திட்டு வாங்குவாங்க, ஆனா இந்த வண்டிக்கு வர மாட்டாங்க. கவர்மெண்டுன்னாலே எளக்காரம். எம் பொண்டாட்டி சாகறதப் பத்தி இவங்களுக்கு என்ன?

என்னங்க? என்ன கேட்டீங்க?

எதுக்கு நிக்கறாங்கன்னா, தண்ணிக்குத்தான் நிக்கறாங்க. எப்ப தண்ணி வரும்னா... அஞ்சரைக்குத்தானுங்க. அதான் சொன்னனே. அஞ்சரைக்குத் தொறந்தா மேட்டுத் தெருவுக்குப் போக அஞ்சு நிமிசம் ஆகும். எல்லாரும் புடிச்சு முடிக்க ஆறு, ஆறேகாலு ஆயிரும். அதுக்கு மேல போனா டேங்க் காலி, சாயங்காலந்தான் மறுக்கா.

அதுக்கு என்னங்க இப்ப?

இருங்க சார். மணி என்ன? அஞ்சு முப்பத்தி மூணா? அய்யோ, பேச்சு வாக்குல நான் இன்னும் தொறக்கவே இல்லியே. அதா கொழாயடில இருந்து மரகதம் வருது, கத்தப் போவுது.

"ஏனுங் மாமா, தண்ணி உடுவீங்களா மாட்டீங்களா? ஒம்பது நாளா வெறுங்கொடத்தோட நின்னுட்டு இந்த பஸ்ஸு போறத வேடிக்க பாக்கறோம். நீங்க முன்ன மாதிரி அஞ்சு மணிக்கு உட்டீங்கன்னா நாங்க ஏற மாட்டோமா? கேட்டா எரிஞ்சு உழுவீங்கன்னு வாய மூடிட்டு இருந்தோம். பாவாத்தா அத்த மொகத்துக்குத்தான்."

சார்.

சார், அது... நான் அப்பிடி நெனைக்கவே இல்லீங்க. செவ்வந்தி நின்னு கூட்டிட்டுப் போனதுல, அஞ்சரைதான் டைமுன்னு எனக்கு மனசுல ஆயிருச்சுங்க. ஆஸ்பத்திரி நாள்ல அவளோட, மத்த நாள்ல ஆளு கணக்குப் பாக்கத் தனியா, அஞ்சு மணிக்கே வந்து இங்க உக்காந்துக்கறேன். எங்க ஊட்டுல தொட்டி இருக்குது, எங்களுக்குத் தண்ணி நிக்க வேண்டியதில்ல. நான் இங்க உக்காந்து இவங்களத் திட்டீட்டே இருந்திருக்கறேன். ஒம்பது நாளு. சாவி இடுப்புல இருக்குது சார்.

டிரைவரு, எடுக்காதீங்க! அஞ்சு நிமிசம்! சார், நீங்க சொல்லுங்க சார், ஒரு பத்து நிமிசம் நிக்கச் சொல்லுங்க. ஓடிப்போயித் தொறந்துட்டு வந்தர்றேன். அவங்க ஒரு கொடம் புடிச்சாலும் போதும், அப்பிடியே ஏறீருவாங்க. எண்ணுங்க, கொழாயடில எண்ணுங்க. பதினாறு பேரு. வண்டில இருக்கறவங்களோட சேத்தா இருவதுக்கு மேல வருது. கணக்கு வந்துருச்சு சார்! அவங்க காலு இங்க வரலீங்க, அவ்வளவுதான். கொடத்தோட நின்னவங்கன்னு தனியா எழுதுங்க. எழுதக் கூடாதா? ஏறுனவங்கதானா.

செரி. செரிங்க. அஞ்சு நாப்பதுன்னா அஞ்சு நாப்பதுதான். ஏழு மணிக்கு அவ போயாகோணும், நானே நிப்பாட்டுன்னு சொல்லக் கூடாது. பாவாத்தா, எந்திரிக்காத, நீ உக்காரு! நான் வரல. தண்ணி தொறக்கோணும், பொறவால எட்டரை வண்டில வர்றேன். பயப்படாத. அழுவாத புள்ள.

நாளைக்கு ஒருநாளு வாங்க சார். பத்து நாளு வேண்டாம், ஒரே ஒரு நாளு. நாலரைக்கே தொறந்துர்றேன். இந்தக் கயித்த மரகதத்துக்கிட்டயே குடுத்தர்றேன், அது தொறந்துக்கட்டும். நீங்க போயிச் சொல்லுங்க, ஜனம் மேல தப்பில்ல, ஆப்பரேட்டரு மேல தப்புன்னு எழுதுங்க. பேரு போட்டு எழுதுங்க. வஞ்சிமுத்து. வேலைய உட்டுத் தூக்குனாலும் செரி, வண்டியத் தூக்க வேண்டாம்னு சொல்லுங்க.

ஆஸ்பத்திரி வாசல்ல அவளால தனியா எறங்க முடியாதுங்க, படி ஒசரம். நீங்க கொஞ்சம் கையப் புடிச்சு எறக்கி உடுங்க. எடது கையப் புடிக்காதீங்க, அதுலதான் ஊசி குத்தறது. வலது கை.

விசில் அடிச்சாச்சு. போங்க, போங்க. சார்! அருளப்பன் இன்னும் உங்க டிப்போவுலதான் இருக்கறாருங்களா? பாத்தீங்கன்னா, சாவி கெடைச்சிருச்சுன்னு சொல்லுங்க.